ஒன்றுபோல் ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களும் இலத்தீன் தொடர்களும்: கேள்வி பதில்

கேள்வி: 'அஃபெக்ட்' வினைச்சொல், 'எஃபெக்ட்' பெயர்ச்சொல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: பெரும்பாலான இடங்களுக்குப் போதும். ஆனால் எஃபெக்ட் வினையாகவும் வரும். அப்போது அதற்குப் பாதித்தல் என்று பொருளில்லை, நிகழச் செய்தல் என்றே பொருள். 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. அங்கே அஃபெக்ட் என்று எழுதிவிட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தின் போக்கைப் பாதிப்பதாகப் பொருள் திரும்பிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கும் மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: 'ஐ.ஈ.', 'ஈ.ஜி.' இரண்டையும் மாற்றி எழுதினால் என்ன கெட்டுவிடும்?

பதில்: பொருளே கெட்டுவிடும். முன்னது 'இட் எஸ்ட்', 'அதாவது' என்று பொருள். பின்னது 'எக்ஸெம்ப்ளி கிராட்டியா', 'எடுத்துக்காட்டாக' என்று பொருள். விண்ணப்பப் படிவம் ஒன்றில் "அடையாளச் சான்று" என்பதை அடுத்து ஈ.ஜி. போட்டுப் பாஸ்போர்ட் என்று எழுதினால், வேறு சான்றுகளும் செல்லும். அதே இடத்தில் ஐ.ஈ. போட்டால், பாஸ்போர்ட் இல்லாதவர் திரும்பிப் போக வேண்டியதுதான். ஈ.ஜி. என்று தொடங்கிய பட்டியலை 'எட்செட்ரா' என்று முடிப்பதும் வேண்டாத வேலை, ஏனெனில் எடுத்துக்காட்டு என்றாலே எல்லாவற்றையும் சொல்லவில்லை என்றுதான் பொருள். 'அண்ட் எட்செட்ரா' அதைவிட மோசம். 'எட்' என்பதே 'அண்ட்' தானே.

கேள்வி: 'எட் ஆல்' என்பதில் புள்ளி எங்கே வரும்?

பதில்: ஆல் என்பதற்குப் பின் மட்டும். அது 'பிறர்' என்று பொருள்படும் 'அலியை' என்பதன் சுருக்கம், எட் முழுச்சொல். ஆய்வுக்கட்டுரைகளில் இது ஆசிரியர் பெயர்களுக்குப் பின் வருவது. பொருள்களையோ விதிகளையோ சொல்லும்போது, 'மற்றவற்றோடு' என்று பொருள்படும் 'இன்டர் அலியா' பொருந்தும்.

கேள்வி: நடுவர் ஒருவரைப் பாராட்டி 'அன்இன்ட்ரஸ்டட்' என்று எழுதினேன். நண்பர் சிரிக்கிறார். ஏன்?

பதில்: வழக்கைக் கேட்க அவருக்கு ஆர்வமே இல்லை என்று எழுதிவிட்டீர்கள். தன்னலச் சார்பற்றவர் என்பதற்கு 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பதே சொல். அதையே ஆர்வமற்றவர் என்ற பொருளிலும் ஆளுவோர் உண்டு. அந்தச் சொல்லாட்சி 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததுதான். இருந்தாலும், இவ்விரு சொற்களையும் பிரித்தே ஆளுவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: விசாரணை 'இன் கேமரா' நடக்கும் என்றால் அதைப் படம்பிடிப்பார்களா?

பதில்: இல்லை, கதவைச் சாத்திவிடுவார்கள். இலத்தீனில் கேமரா என்றால் அறை. பொதுமக்களையும் செய்தியாளர்களையும் அனுமதிக்காமல் தனியறையில் விசாரிப்பதே இன் கேமரா. படம்பிடிக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வந்ததும் 'கேமரா அப்ஸ்கியூரா', அதாவது இருட்டறை என்ற தொடரிலிருந்துதான். ஒளிப்பதிவு நடக்கும் என்று சொல்ல வேண்டுமானால் 'ஆன் கேமரா' என்று எழுதுங்கள்.