கலை பற்றிய வாசிப்புப் பந்தியில் மட்டும் ஏன் புள்ளி குறைகிறது?

மகள், கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த உங்களுக்கு, ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் கலை பற்றிய பந்தி வந்தால்தான் விடை பிழையாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எரிமலை, தேனீ என்று வந்தால் பிரச்சினை இல்லையாம். அம்மா இன்னொரு இலக்கண வகுப்பில் சேர்க்கப் பார்க்கிறார். வேண்டாம். உங்கள் ஆங்கிலம் போதும், எரிமலைப் பந்தியில் வாங்கும் புள்ளியே அதற்குச் சாட்சி. எரிமலை பற்றி அதிகம் தெரியாததால் பந்தி சொன்னதை மட்டும் வைத்து விடை எழுதுகிறீர்கள். கலை என்றதும் நாலு வருடம் படித்ததெல்லாம் கூடவே வந்துவிடுகிறது.

ஒரு கூற்றைத் தந்து, பந்தியின்படி அது ஆமா, இல்லையா, தரப்படவில்லையா என்று கேட்பார்கள். இப்படி ஊகித்து விடை சொல்லும் வினா கேட்பது மிகச் சின்ன ஓர் அடிதான். பந்தியில் உள்ளது உண்மையென்றால் இதுவும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் புள்ளி போய்விடும்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயத்தையே எடுப்போம். பந்தி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். வட்டக்களரியைச் சுற்றியிருந்து பார்த்ததை இப்போது பார்வையாளர் ஒரு பக்கத்திலிருந்தே பார்த்தனர். அதற்கேற்ப ஆட்டக் கோலங்களை மாற்றவேண்டி வந்தது.”

‘வட்டக்களரியில் ஆடிய ஆட்டம் மேடைக்கு அப்படியே பொருந்தவில்லை’ என்று ஒரு கூற்று வந்தால், ஆம். பந்தி அந்தச் சொற்களில் சொல்லவில்லை, ஆனால் மாற்றவேண்டி வந்தது என்றால் வேறு அர்த்தம் இல்லை. ‘இரவு முழுக்க இருந்து பார்க்க ஆட்களுக்குப் பொறுமை இல்லாததால் சுருக்கினார்’ என்று வந்தால்? நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஏன் சுருக்கினார் என்று பந்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே தரப்படவில்லை. ‘மேடைக்கு வந்ததால் கூத்தின் உயிர் போயிற்று’ என்பதுதான் உங்களுக்கு வைத்த பொறி. இதைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காக வாதாடியிருப்பீர்கள், உங்களுக்கென்று உறுதியான ஒரு கருத்தும் இருக்கும். அது சரியாகவே இருக்கட்டும், இங்கே செல்லாது. இதுவும் தரப்படவில்லைதான். ‘ஆட்டத்தில் எந்த மாற்றமும் இன்றி மேடையேறியது’ என்றால் மட்டுமே இல்லை என்று போடலாம், ஏனென்றால் பந்தியே அதை மறுக்கிறது. பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்: தங்களுக்கு உடன்பாடில்லாத கூற்றுக்கெல்லாம் இல்லை என்று போட்டுவிடுகிறார்கள்.

கலைப் பந்திகளில் இன்னொரு சிக்கல், பல பேர் பேசுவது. 1874இல் பாரிசில் ஓவியர் மோனேயும் நண்பர்களும் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். லூயி லெரோய் என்ற விமர்சகர், மோனேயின் ஓர் ஓவியத் தலைப்பில் இருந்த ‘இம்ப்ரெஷன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கேலி செய்து எழுதினார். ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயர் அந்தக் கேலியிலிருந்துதான் நிலைத்தது. இப்படி ஒரு பந்தி வந்தால், அன்றைய விமர்சகர் ஒன்று சொல்வார், இன்றைய ஆய்வாளர் ஒன்று சொல்வார், கட்டுரையாளரின் எண்ணம் ஒரு ‘ஆயினும்’க்குப் பிறகு அரை வரியில் வந்துபோகும். வினா கட்டுரையாளரின் கருத்தைக் கேட்க, லெரோயின் கேலியைத் தூக்கி விடையாக வைத்துவிடுவோம். அதனால் ஒரு கருத்தைக் கண்டதும் இது யார் சொன்னது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் எழுதுவதென்றால் அந்தப் பெயரை நிறமிட்டு வையுங்கள்.

‘எல்லாம்’, ‘மட்டுமே’, ‘முதன்முதலாக’ போன்ற சொற்கள் கூற்றில் இருந்தால் பந்தியும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். ‘சிலர் கருதுவர்’ என்று பந்தி மெல்லச் சொன்னதை ‘அனைவரும் ஏற்றனர்’ என்று கூற்று பெருப்பித்திருக்கும்.

பயிற்சியைத் தமிழிலேயே தொடங்குங்கள். ஞாயிறு பத்திரிகையில் வரும் ஒரு நாடக விமர்சனத்தை எடுத்து, அதிலிருந்து ஆம், இல்லை, தரப்படவில்லை என மூன்று கூற்றுகளை நீங்களே எழுதுங்கள். தோழி ஒருத்தியிடம் கொடுத்து விடை கேளுங்கள். பொறி வைத்துப் பழகினால் பொறி கண்ணில் படும். அப்புறம் ஆங்கிலப் பந்தி. ஒவ்வொரு விடைக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும், தொட வரி இல்லையென்றால் அந்த விடையை விட்டுவிடுங்கள்.

பரீட்சையில் 60 நிமிடம், 3 பந்தி, 40 வினா. கலைப் பந்தி பிடித்தமானது என்பதற்காக அதிலேயே 20 நிமிடத்துக்கு மேல் இருந்துவிடாதீர்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடவேண்டாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். வகுப்புக்குக் கட்டவிருந்த காசைப் பரீட்சைக் கட்டணத்துக்கு வைக்கட்டும். திகதி பதிவதற்கு முன், நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் வாசிப்புக்கென்று தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி கேட்கிறதா என்று பாருங்கள். மொத்தப் புள்ளி போதுமாக இருந்தும் அந்த ஒன்றினால் விண்ணப்பம் தடைப்படலாம். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டை முடிவு செய்துவிட்டே பதியுங்கள்.