அம்மாவின் நகை அடகில், மகனுக்கு டிஜிட்டல் தங்கமா?

குலசேகரம் பக்கமிருந்து 33 வயது வாசகர் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் தனியார் வேலை. செலவு போக மாதம் 8,000 ரூபாய் மிஞ்சுகிறது. அப்பாவுக்கு வயது 62, கூலிக்கு ரப்பர் பால் வெட்டுகிறார். தங்கை வீட்டுக்காரரின் கடைக்காக நான்கு வருடம் முன்பு அம்மாவின் 10 பவுன் நகையை வைத்து 2 லட்சம் வாங்கினார்கள். இன்று கடன் 5 லட்சம், வட்டி 12 சதவீதம். அம்மா கழுத்தில் கிடப்பது கவரிங் என்பது தங்கைக்கே தெரியாது. அப்பா கண்புரை ஆபரேஷனை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகிறார். மாதாமாதம் 8,000 ரூபாய்க்கு, ஆப்பில் கணக்காக மட்டும் சேரும் டிஜிட்டல் தங்கம் வாங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி, விற்கப் போனால் விலையில் இன்னொரு வெட்டு. இது எங்கள் கட்டுப்பாட்டில் வராது என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. சரி, அது போகட்டும்.

உங்கள் வீட்டைத் தின்பது திருப்பி வைக்கும் பழக்கம். வருடத்துக்கொரு முறை வட்டியைக் கட்டி அதே நகையை மறுபடி வைக்கிறீர்கள். தங்கம் விலை ஏறியதால் கூடுதலாகக் கிடைக்கிறது. அதுவும் மாப்பிள்ளை கைக்குப் போகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

5 லட்சத்துக்கு வருட வட்டி 60,000, அதாவது மாதம் 5,000. அது அப்பாவின் கூலியிலிருந்து போகிறது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, இலை உதிரும் காலத்திலும் இல்லை. வட்டிக்கு மட்டும் லீவு கிடையாது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் கண்புரைக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஓய்வில் இருக்கும் மாதம் வட்டிக்கு எங்கே போவது என்றுதான் அப்பா யோசிப்பார் என்று நினைக்கிறேன். விடியும் முன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், புரை விழுந்த கண்ணோடு, பட்டையில் கத்தி ஆழமாக இறங்கிவிடாமல் வெட்டுகிறார். முதலில் அந்த ஒரு மாத வட்டியை நீங்கள் கட்டி ஆபரேஷனை முடியுங்கள்.

அப்புறம், அடுத்த முறை திருப்பும்போது நகையை இரண்டிரண்டு பவுனாகப் பிரித்து ஐந்து ரசீதாக வையுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு லட்சம். கூட்டுறவு வங்கியில் வட்டி குறைவாக இருந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். அப்பா 5,000 கட்டுவதை நிறுத்த வேண்டாம். உங்கள் 8,000 அசலுக்குப் போகட்டும். வருடம் 96,000. ஒரு வருடத்தில் முதல் இரண்டு பவுன் வீட்டுக்கு வந்துவிடும். வட்டி குறையக் குறைய அசலுக்கு அதிகம் போகும். நான்கு வருடம் சொச்சத்தில் கணக்கு முடியும். 12 சதவீதக் கடனை அடைப்பதைவிட நிச்சயமான லாபம் எந்த ஆப்பிலும் இல்லை.

தங்கையிடம் ரசீதுகளைக் காட்டிப் பேசுங்கள். கவரிங் விஷயத்தையும் சேர்த்துத்தான். அம்மா வேண்டாம் என்பார், பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு இனிமேல் பணம் வேண்டுமென்றால் கடைக் கணக்கோடு வங்கிக்குப் போய் அவர் பெயரில் கடன் கேட்கட்டும். ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.