கடைசிப் பக்கத்துக் கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

தென்னாப்பிரிக்காவுல ப்ரிட்டோரியாவுல இருந்து எழுதறேன். சென்னைல இருந்து 2009ல வேலைக்கு வந்தவன். டர்பன் மெடிக்கல் ஸ்கூல் கோட்டாவ ஆதரிச்சு நீங்க எழுதினதப் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. என் பொண்ணு மெட்ரிக்ல, அதாவது இங்கத்து பன்னெண்டாவதுல, ஏழு டிஸ்டிங்ஷன். அப்ளை பண்ணின ஒரு மெடிக்கல் ஸ்கூல்லயும் கூப்பிடல. தோலப் பாத்து சீட்டு குடுக்கற இடத்துல சுதந்திரமான ஆராய்ச்சி எங்கருந்து வரும்? அமெரிக்காவுலயே இந்த டைவர்சிட்டி சமாச்சாரத்த மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க, இங்க மட்டும் இன்னும் இறுக்கிக்கிட்டே போறாங்க. நீங்க 25 வருஷம் யுனிவர்சிட்டிக்குள்ள இருந்தீங்களே, ஒரு நாளாவது எதிர்த்துப் பேசினீங்களா?

பி.கு. பேர் போட்றாதீங்க அக்கா. எங்க கம்பெனி எச்.ஆர்.ல ஒரு தமிழ்ப் பையன் இருக்கான், உங்க சைட்டப் படிப்பான்.

கே.

*

தம்பி கே.க்கு,

நாலு பக்கக் கடிதத்த இவ்ளோதான்னு சுருக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க. கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிட்றேன். இல்ல, பேசல. பேச வேண்டிய ஒரு இடத்துல வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா அது நீங்க நினைக்கற இடம் இல்ல, கீழ வரேன்.

நீங்க ரெண்டு கயித்த ஒண்ணா முடிச்சுப் போட்டுட்டீங்க. சீட்டு யாருக்குங்கறது ஒரு விஷயம். உள்ள வந்தவன் என்ன நினைக்கணும், எத வாயால சொல்லணும்ங்கறது வேற விஷயம். மொத விஷயத்துல நான் அரசாங்கம் பக்கம், கொஞ்சம் முணுமுணுப்போட. ரெண்டாவதுல உங்க பக்கம், ஆனா உங்க காரணத்துக்காக இல்ல.

சீட்டுக் கதைய டர்பன்ல இருந்து பாத்தா வேற மாதிரி தெரியும். நானும் உங்கள மாதிரி வந்தவதான், 1996ல பாளையங்கோட்டைல இருந்து கல்யாணம் ஆகி டர்பன்ல நம்ம ஆளுங்க இருக்கற சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன், அதனால இதெல்லாம் எனக்கு வீட்ல சாப்பாட்டு மேசைல கேட்டுத் தெரிஞ்சதுதான். 1959ல நிறவெறி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டாங்க, அதுக்கு வச்ச பேரப் பாருங்க, பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்! வெள்ளைக்காரன் படிக்கற யுனிவர்சிட்டில மத்தவங்க சேரணும்னா மந்திரிகிட்ட அனுமதி வாங்கணும்ங்கறதுதான் அந்த விரிவாக்கம். நம்ம ஆளுங்களுக்குன்னு 1961ல டர்பன் துறைமுகத்துல சாலிஸ்பரி தீவுல பழைய நேவி கட்டடங்கள்ல ஒரு காலேஜ் திறந்தாங்க. என் வீட்டுக்காரரோட பெரியண்ணன் அங்க படிச்சவர். காலைல படகு ஏறிப் போகணும், கோட்டு டை கட்டாயம், டர்பன் வெயில்ல கோட்டு டையோட படகுல உக்காந்துட்டுப் போவோம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதுக்கும் முன்னாடி நேட்டால் யுனிவர்சிட்டில நம்ம பசங்களுக்குத் தனி க்ளாஸ், அதுவும் சாஸ்திரி காலேஜ் கட்டடத்துல. அந்த சாஸ்திரி யாருன்னா நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரிதான், அது தனிக் கதை.

அப்ப சுதந்திரம் பேசினவங்க இல்லையான்னா, இருந்தாங்க. கேப் டவுன் யுனிவர்சிட்டி துணைவேந்தர் டி.பி. டேவி நாலு சுதந்திரம்னு சொன்னார். யார் பாடம் நடத்தணும், என்ன நடத்தணும், எப்படி நடத்தணும், யாரச் சேத்துக்கணும், இந்த நாலையும் யுனிவர்சிட்டிதான் முடிவு பண்ணணும், அரசாங்கம் இல்ல. நல்லா கவனிங்க தம்பி, யாரச் சேத்துக்கறதுங்கறதும் அந்த லிஸ்ட்ல இருக்கு. அதாவது இன்னைக்கு ஒரு யுனிவர்சிட்டி தானா உக்காந்து "எங்களுக்கு உம்லாசி மாதிரி கறுப்பர் குடியிருப்புப் பசங்க இத்தன பேர் வேணும்"னு முடிவு பண்ணினா டேவி கணக்குல அது சுதந்திரத்த மீறினது இல்ல, சுதந்திரத்த உபயோகிச்சது.

அந்த நாலு சுதந்திரம் சொன்ன இடத்துலயே 1968ல என்ன ஆச்சு? ஆர்ச்சி மஃபேஜேன்னு ஒரு கறுப்பின மானுடவியலாளர், அவர சீனியர் லெக்சரரா தேர்ந்தெடுத்தாங்க. அரசாங்கம் மிரட்டிச்சு. யுனிவர்சிட்டி கவுன்சில் வேலைய வாபஸ் வாங்கிடுச்சு. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துல ஒரு வாரத்துக்கு மேல உக்காந்து போராடியும் ஒண்ணும் நடக்கல. 2007ல அவர் செத்துப் போனப்புறம் 2008ல குடும்பத்துகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. டேவி பேர்ல வருஷா வருஷம் கல்விச் சுதந்திரச் சொற்பொழிவு மட்டும் அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. அதனால கோட்டா வந்துதான் சுதந்திர ஆராய்ச்சி போச்சுன்னு யாராவது சொன்னா, எப்ப இருந்துச்சு, யாருக்கு இருந்துச்சுன்னு கேக்கத் தோணுது.

இப்ப உங்க பொண்ணு விஷயம். டர்பன் மெடிக்கல் ஸ்கூல் கோட்டான்னு சில வருஷம் முன்னாடி பேப்பர்ல வந்த கணக்கு, ஆப்பிரிக்கர் 69 சதவீதம், இந்தியர் 19, கலர்ட்ங்கற கலப்பினத்தவர் 9, வெள்ளையர் 2, மத்தவங்க 1. 69னு படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, நம்ம ஊர் நம்பராச்சே! சென்னைல இருந்து வந்த உங்களுக்கு அந்த நம்பர் புதுசா என்ன? 1995லயே டர்பன் கோர்ட்ல இதுக்குக் கேஸ் நடந்திருக்கு, நல்ல மார்க் வாங்கின ஒரு இந்தியப் பொண்ணுக்கு சீட்டு கிடைக்கலன்னு பெத்தவங்க போனாங்க, கோர்ட் யுனிவர்சிட்டி பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு. ஆப்பிரிக்கப் பள்ளிக்கூடங்கள எந்த நிலைமைல வச்சிருந்தாங்களோ அதுல படிச்சு வந்த பிள்ளையோட மார்க்கையும் நம்ம பிள்ளையோட மார்க்கையும் ஒரே தராசுல போட முடியாதுங்கறதுதான் அதோட சாரம். அது அன்னைக்கு சரின்னு நினைக்கறேன்.

இன்னைக்கு? இங்கதான் என் முணுமுணுப்பு. 30 வருஷம் ஆச்சு. சாண்ட்டன்ல பிரைவேட் ஸ்கூல்ல படிச்ச மந்திரி மகனும் க்வாமாஷுல பாட்டி பென்ஷன்ல வளர்ந்த பொண்ணும் ஃபார்ம்ல ஒரே கட்டத்துல டிக் பண்றாங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக் குடுத்தவளா எனக்கு இது உறுத்தும், எத அளக்கணுமோ அத விட்டுட்டு அளக்க ஈஸியா இருக்கறத அளக்கறோம். எந்தப் பள்ளிக்கூடம்னு பாத்தா இன்னும் நியாயமா இருக்கும். கட்டங்களோட கூத்து எங்க வீட்லயே இருக்கு. வேலைச் சமத்துவச் சட்டப்படி கறுப்பர்னா ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூணும் சேத்திதான், ஆனா குடியுரிமை 1994 ஏப்ரல் 27க்கு முன்னாடி கிடைச்சிருக்கணும், இல்ல பொறப்பாலயோ வம்சத்தாலயோ இங்கத்துக் குடிமகனா இருக்கணும். அதனால என் வீட்டுக்காரர் கறுப்பர், நான் இல்ல. ஒரே வீடு, ஒரே சாம்பார்.

சரி, இதெல்லாம் நான் பேர் போட்டு எழுதறேன் பாத்தீங்களா, கோட்டாவுல இது தப்பு அது தப்புன்னு, எனக்கு ஒண்ணும் ஆகல. கோட்டாங்கறது ஒரு கணக்கு. கணக்கோட சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம், நம்பர மாத்தலாம். அது யாரையும் "இது நல்ல கணக்குன்னு நான் மனசார நம்பறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றதில்ல.

கையெழுத்து கேக்கற இடம் ஒண்ணு இருக்கு, நான் வாய மூடினது அங்கதான். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்ல மாட்டேன், நான் மூணு இடத்துல வேல பாத்திருக்கேன். ஒரு லெக்சரர் போஸ்ட்டுக்கு செலக்ஷன் கமிட்டில நானும் இருந்தேன். அப்ளிகேஷன் கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம், நிறவெறிக் காலத்து நிலைய மாத்தறதுக்கான நிறுவனத்தோட ட்ரான்ஸ்ஃபர்மேஷனுக்கு உங்க அர்ப்பணிப்ப 300 வார்த்தைல விளக்குங்கன்னு. நூத்துக்கு 20 மார்க் அதுக்கு. பதினோரு பேர்ல பத்து பேர் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி எழுதியிருந்தாங்க, உபுண்டுங்கற ஆப்பிரிக்க மனிதநேயம், காலனிய நீக்கம், எல்லாரையும் உள்ளடக்கறதுன்னு, ரெண்டு பேரோட அப்ளிகேஷன்ல ஒரு பாரா வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணு. பதினோராவது ஆள் உம்டாட்டா பக்கத்துக் கிராமத்துக்காரர், கோசா மொழி பேசறவர், டைம் சீரீஸ்ங்கற புள்ளியியல் பிரிவுல அருமையான தீசிஸ். அவர் எழுதினது ரெண்டே வரி. சனிக்கிழமைல ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஃப்ரீயா கணக்கு சொல்லித் தரேன், மத்தபடி என் அரசியல் கருத்து என்னங்கறது இந்த வேலைக்குத் தேவையில்லன்னு நினைக்கறேன்.

நான் அவருக்கு 20க்கு 4 போட்டேன். மார்க் ஷீட்ல "நிறுவன சாசனத்த உள்வாங்கியிருக்காரா"ன்னு போட்டிருந்துச்சு, உள்வாங்கலையே. மொத்தத்துல 9 மார்க்ல வேல போச்சு. எந்தக் கிராமத்துப் பையன் உள்ள வரணும்னு அந்தக் கட்டத்த வச்சாங்களோ அந்தக் கட்டமே அவன வெளிய தள்ளிச்சு, நான்தான் பேனாவப் பிடிச்சிருந்தேன். சேர்மன் "எல்லாருக்கும் ஓகேவா"ன்னு கேட்டார். என் ப்ரமோஷன் ஃபைல் அப்ப அவர் மேசைல இருந்துச்சு. ஓகேன்னேன்.

இதுக்கும் டைவர்சிட்டிக்கும் சம்பந்தமே இல்லன்னு எனக்குப் புரியறதுக்குக் கொஞ்ச வருஷம் ஆச்சு. 2014ல குவாசுலு நேட்டால் யுனிவர்சிட்டி புதுசா சேர்ற பசங்களுக்கு ஜூலு மொழிப் பாடம் கட்டாயம்னு கொண்டு வந்தப்போ நம்ம ஆளுங்க என்னமா குதிச்சாங்க, நான் சந்தோஷப்பட்டேன். டாக்டராகப் போற பிள்ளை வார்டுல "எங்க வலிக்குது"ன்னு கேக்கத் தெரிஞ்சுக்கறது ஒரு திறமை, சொல்லித் தரலாம், பரீட்சை வைக்கலாம், ஃபெயில் ஆக்கலாம், படிச்சு முடிச்சுட்டு "இது வேஸ்ட் பாடம்"னு அவன் திட்டவும் திட்டலாம். அந்த 300 வார்த்தைக் கட்டம் அப்படியில்ல, அதுல பாஸ் ஆகறதுக்கு ஒரே வழி ஒத்துக்கறது. இல்லன்னா ஒத்துக்கற மாதிரி நடிக்கறது, அதுல நம்ம பிள்ளைங்க பயங்கர கெட்டிக்காரங்க.

அமெரிக்காவப் பத்தி எழுதியிருந்தீங்க. அங்க வேலைக்கு அப்ளை பண்றவங்ககிட்ட டைவர்சிட்டி அறிக்கை எழுதி வாங்கறதக் கைவிட்டது உண்மைதான், எம்.ஐ.டி. 2024ல நிறுத்திச்சு, கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி 2025ல. அதே கலிஃபோர்னியா 1950ல நான் கம்யூனிஸ்ட் இல்லன்னு கையெழுத்துப் போடாத 31 ஆசிரியர்கள வேலைய விட்டு எடுத்த இடம், அது வலதுசாரிக் கட்டம், இது இடதுசாரிக் கட்டம், ரெண்டுலயும் பேனா ஒண்ணுதான். ஆனா நீங்க சொல்ற அந்த மூட்டை கட்டற வேலைல சுதந்திரமா வந்துச்சு? 2025ல அரசாங்கமே புகுந்து, எங்களுக்குப் பிடிக்காத தலைப்புல ஆராய்ச்சியான்னு க்ரான்ட்ட வெட்டினாங்க. தென்னாப்பிரிக்கா மேல கோவப்பட்டு இங்க நடந்த எய்ட்ஸ், டிபி ஆராய்ச்சிக் காசையும் நிறுத்தினாங்க, இங்க ரிசர்ச் நர்சுங்க வேலைக்கு அலைஞ்சதெல்லாம் அதனாலதான். அதக் கொண்டாடச் சொல்றீங்களா?

இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன், ஏன்னா இதுல நான் இன்னும் குழம்பிக்கிட்டுத்தான் இருக்கேன். 2020ல கேப் டவுன் யுனிவர்சிட்டி பேராசிரியர் நிக்கோலி நட்ராஸ், கறுப்பின மாணவர்கள் ஏன் உயிரியல் படிப்புப் பக்கம் கம்மியா வராங்கன்னு தென்னாப்பிரிக்க அறிவியல் இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. கேம்பஸ்ல கிடைச்சவங்களப் பிடிச்சுக் கேட்ட சர்வே, 211 பேர், வீட்ல நாய் பூனை வளர்ப்பீங்களாங்கற கேள்வியெல்லாம் இருந்துச்சு. என் ஸ்டூடண்ட் கொண்டு வந்திருந்தா சிவப்புப் பேனாவால நிரப்பியிருப்பேன், அவ்ளோ பலவீனமான முறை. காயப்பட்டவங்க கோவப்பட்டது எனக்குப் புரியுது. ஆனா யுனிவர்சிட்டி நிர்வாகமே எழுந்து கண்டன அறிக்கை விட்டாங்க பாருங்க, அது தப்பு. அந்த இதழ் செஞ்சதுதான் சரி, எதிர்த்து எழுதினவங்க கட்டுரைகள வாங்கி ஒரு தனி இதழே போட்டாங்க, அந்தம்மா பதிலும் சேத்து. அதுல சிலது அவங்க வாதத்தப் பிரிச்சு மேஞ்சிருக்கு, கிடைச்சா படிங்க, கண்டன அறிக்கையால அந்த வேலைய செய்ய முடிஞ்சிருக்காது. இதையே நான் ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டத்துல சொன்னதுக்கு "அவங்க நம்மளப் பத்தி அப்படி எழுதியிருந்தா சும்மா இருப்பீங்களா"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. தெரியல, அன்னைக்கும் பதில் சொல்லல.

உம்டாட்டாக்காரர் இப்ப ஜோபர்க்ல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனில இருக்கார்னு கேள்வி. சம்பளம் எங்களவிட மூணு மடங்கு இருக்கும். சனிக்கிழமைல இன்னும் சொல்லித் தராரான்னு விசாரிக்க எனக்கு தைரியம் வரல.

பேர் போடல தம்பி. பொண்ணு பேரும் ஒரு இடத்துல வந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். ஆனா நாலு பக்கத்துல அவளுக்கு என்ன கிடைக்கலன்னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க, இப்ப அவ என்ன படிச்சுக்கிட்டு இருக்கான்னு எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்துல எழுதுங்க.

அன்புடன்,
அக்கா