அவனிடம் கேட்ட கேள்வி

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. மூன்று வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஆவேசமெல்லாம் அடங்கிவிட்டது. ஆனாலும் ஏதோ குரல் கேட்கிறதாம். உளவியல் சிகிச்சைக்குக் குடும்பத்தோடு போகச் சொல்கிறார் டாக்டர். அவர் எது கேட்டாலும், பாவம் அவனுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே பதில் சொல்லிவிடுவேன். அவன் பேசுவதே அபூர்வம். பேசாதவனுக்குப் பேசிப் பேசியே செய்கிற சிகிச்சை எப்படிப் பலிக்கும்? நாங்கள் எதற்கு வர வேண்டும்?

பதில்: "நானே பதில் சொல்லிவிடுவேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவன் பேசுவதில்லை என்று குறைப்படுகிறீர்கள். இரண்டு வரியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள் அம்மா. கேள்வி அவனிடம் போய்ச் சேருவதற்குள் உங்கள் பதில் வந்துவிடுகிறதே, அவன் எப்போது பேசுவான்?

பேச்சு குறைவது இந்த நோயின் ஒரு கூறு. யோசனை மெதுவாக ஓடும், சில மாத்திரைகளும் மந்தம் தரும். ஒரு பதில் வர அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிட மௌனத்தைத் தாங்க முடியாதவர் நீங்கள்தான், அவன் இல்லை.

"ஏதோ குரல்" என்கிறீர்கள். மூன்று வருடமாகியும் ஏதோவா? ஆண் குரலா, பெண் குரலா? திட்டுகிறதா, கட்டளையிடுகிறதா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். சிகிச்சை தருபவர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். அதெல்லாம் பொய் என்று வாதாட மாட்டார். குரல் எப்போது கூடுகிறது, அது சொன்னதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று அவன் பயப்படுகிறான், உண்மையில் அப்படி நடந்ததா என்று அவனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். குரல் அடியோடு நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், பலருக்கு நிற்பதில்லை. ஆனால் அதன் மேலிருக்கும் பயம் தளரலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் இதற்குக் குறைந்தது 16 அமர்வுகள் வேண்டும் என்கிறது. பதினாறிலும் நீங்களே பேசப்போகிறீர்களா?

நாங்கள் எதற்கு என்று கேட்டீர்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளை ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் லண்டனில் கவனித்தார். 1958இல் வெளியான முடிவு இது: உடன்பிறந்தவர்களோடோ வாடகை அறையிலோ தங்கியவர்களைவிட, பெற்றோரிடமும் மனைவியிடமும் போனவர்களே அதிகமாக மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். முதலில் படித்தபோது எனக்கே வலித்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் குடும்பத்தாரோடு பேசி, சொல்லை மட்டுமல்ல, குரலின் தொனியையும் கவனித்தார்கள். ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, அப்புறம் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மிகுந்திருந்த வீடுகளில் நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம். அந்த மாதிரி ஒருவரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். மூன்றாவதில் உங்களைப் பார்க்கிறேன். நோயை நீங்கள் கொண்டுவரவில்லை. அது திரும்பி வருவதில் வீட்டுக்குப் பங்கு உண்டு.

அதனால்தான் குடும்பத்தையும் அழைக்கிறார்கள். அதே வழிகாட்டுதல் இதற்கு மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 10 அமர்வுகள் என்கிறது. நோய் திரும்புவதைக் குறைப்பதில் நல்ல சான்று உள்ள சிகிச்சை இது. உங்கள் கணவரும் வர வேண்டும், வேலை இருக்கிறது என்று சொல்ல விடாதீர்கள். மாத்திரை நிற்கக் கூடாது, இது அதோடு சேர்ந்து நடப்பது. குரல் அவனையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

நோயுற்ற பிள்ளையைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது பெற்றவர் கடமை என்று நினைக்கிறவள் நான். அதனாலேயே கோபம் வருகிறது. உங்கள் காலத்துக்குப் பிறகு டாக்டர் யாரிடம் கேட்பார்? எங்கே வலிக்கிறது என்று தானே சொல்லப் பழக்காமல் ஒரு மகனை விட்டுவிட்டுப் போவதைப் பாசம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அடுத்த முறை டாக்டர் ஏதாவது கேட்டதும் அவன் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான், பழக்கம் அப்படி. நீங்கள் வாயைத் திறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருங்கள். அரை நிமிடம். வேண்டுமானால் ஒரு நிமிடம்.