ஓமோன் குளிசை இருக்கட்டும், முதலில் அந்த இரண்டு நாள் இரத்தம்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து 52 வயதுப் பெண்ணொருவர் எழுதியிருக்கிறார். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். இரவில் நெஞ்சிலிருந்து முகத்துக்கு அவிச்சல் ஏறுகிறதாம். சட்டை நனைந்து, எழும்பியிருந்து விசிறியபடியே விடிகிறதாம். கச்சான் பிடுங்கப் போனால் பாதி வரிசையிலேயே இருந்துவிடுகிறார். ஓமோன் குளிசை எடுக்கலாமா, புற்றுநோய் வருமா என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் ஒரு வரி: வீடு தேடி வந்தவர் விற்ற 7500 ரூபாய்ப் பவுடரைக் குடித்தபின், போன மாதம் இரண்டு நாள் இலேசாக இரத்தம் பட்டது. "உடம்புக்கு இளமை திரும்புது அக்கா" என்றாராம் விற்றவர்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் அல்ல, இளமையும் அல்ல. பயப்படாதீர்கள்: இப்படி வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் மிச்ச ஒருவர் நீங்களா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பப்பை உட்படலம் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் அதில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்போம். சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை சரி என்றார்களே என்று இருந்துவிடாதீர்கள். அது கர்ப்பப்பைக் கழுத்துக்கு, உள்ளே இருப்பதை அது காட்டாது.

பவுடரை இன்றே நிறுத்துங்கள். பேணியை எறியாமல் கொண்டுவாருங்கள். "ஓமோன் செக்கப்" என்று இரத்தம் எடுக்க ஆள் பிடிக்கிறவர்களிடமும் போகாதீர்கள்: 45 வயதுக்கு மேல் மாதவிடாயும் நின்று அவிச்சலும் இருந்தால், அதைச் சொல்ல இரத்தப் பரிசோதனை தேவையில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போடக் கொடுக்கிற குளிசையை அவிச்சலுக்கும் நீட்டுகிற பாமசிக்காரரையும் கண்டிருக்கிறேன். அதுவும் ஓமோன்தான். வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

பவுடர் ஏன் விற்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஐந்தரை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டு, இலக்கம் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே வருகிற பெண்ணை "வயசுக்கு இப்படித்தான்" என்று விற்றமின் எழுதி இரண்டு நிமிடத்தில் அனுப்புகிறோம். அப்படி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். பவுடர்காரர் திண்ணையில் இருந்து அரை மணித்தியாலம் கதை கேட்கிறார்.

இனிப் புற்றுநோய்ப் பயம். 2002 இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுதான் இதற்கு மூலம். அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இரட்டை ஓமோன் (ஈஸ்திரோஜனோடு புரொஜெஸ்தரோன் வகையும் சேர்ந்தது) எடுத்தவர்களில், ஒரு வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் மேலதிகமாக எட்டுப் பேருக்கு மார்புப் புற்றுநோய் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், அவிச்சலால் படுக்க முடியாத பெண்ணுக்குப் பெரும்பாலும் தீமையை விட நன்மையே அதிகம். மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருப்பவருக்கும் கொடுப்பதில்லை. இன்றைக்கு அது நீங்கள்.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குக் கதை வேறு. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்திரோஜனோடு புரொஜெஸ்தரோனும் கட்டாயம். தனி ஈஸ்திரோஜன் உட்படலத்தைத் தடிக்க வைத்துப் புற்றுநோயில் விடவும் கூடும். கர்ப்பப்பை இல்லாவிட்டால் வழமையாக ஈஸ்திரோஜன் மட்டும் போதும். வன்னியில் இது இலேசான கேள்வி அல்ல. "ஒப்பரேசன் செய்தது, என்ன எடுத்ததெண்டு தெரியாது, கார்ட் 2009 இல் இடம்பெயரேக்க போட்டுது" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். தழும்பைப் பார்த்து ஊகித்து எழுதுகிற மருந்துத் துண்டை ஏற்காதீர்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை இருக்கிறதா என்று தெரியும். சூலகம் சுருங்கியிருந்தால் சிலவேளை தெரியாது. கர்ப்பப்பை பற்றித் தெரிந்தாலே குளிசையைத் தீர்மானிக்கலாம். உங்கள் அயலில் அப்படி யாரும் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் வரும் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேணி, கிளினிக் கொப்பி, இரத்தம் பட்ட திகதி மூன்றும் கையில் இருக்கட்டும். இலக்கம் கொடுக்கிற இடத்தில் அவிச்சலைச் சொல்லாதீர்கள், பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். "நிண்டு ஒன்றரை வருசத்துக்குப் பிறகு இரத்தம் பட்டது" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.