மீட்டிங்கில் ‘அம்மு’ எதற்கு? வாசகர் கேள்வி பதில்

கூட வேலை பார்ப்பவர் வீட்டு ஆளாகவும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டு வரிசையாகக் கடிதங்கள். எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்துவிட்டேன். பெயர், ஊர், கம்பெனி விவரங்களை எடுத்துவிட்டேன், யாரும் யாரையும் தேட வேண்டாம்.

கேள்வி: நானும் கணவரும் ஒரே டீமில் ஆறு வருடமாக இருக்கிறோம். போன மாதம் அவரை டீம் லீடாகப் போட்டுவிட்டார்கள். என் லீவு, அப்ரைசல் எல்லாம் இப்போது அவர் கையில். “நான் நேர்மையாத்தான் இருப்பேன்” என்கிறார், இருப்பார் என்று எனக்கும் தெரியும். ஆனால் டீமில் எல்லோரும் என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். ஒரு மீட்டிங்கில் வாய் தவறி என்னை “அம்மு” என்று கூப்பிட்டுவிட்டார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, எல்லோரும் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கூப்பிட்டதைவிட, யாரும் சிரிக்கவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. போன வருடம் இதே ‘அம்மு’ விழுந்திருந்தால் ஒரு வாரத்துக்கு ஓட்டியிருப்பார்கள். கூட வேலை பார்ப்பவரைத்தான் கிண்டல் செய்ய முடியும், பாஸின் மனைவியை யார் கிண்டல் செய்வார்கள்?

உங்கள் கணவர் நேர்மையானவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. நல்ல மார்க் போட்டால் பொண்டாட்டிக்குப் போட்டார் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து குறைத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்கு, நான் பார்த்த வரையில் நேர்மையான ஆட்கள் இந்த இரண்டாவதைத்தான் அதிகம் செய்கிறார்கள். ஆக அவர் என்ன போட்டாலும் அதற்கு மதிப்பில்லை. இருவருமாகச் சேர்ந்து இந்த வாரமே ஹெச்.ஆரைப் பாருங்கள், பேசியதை மெயிலிலும் போட்டு வையுங்கள்: என் லீவு, அப்ரைசல், சம்பள உயர்வு, புரமோஷன் எல்லாவற்றையும் வேறு மேனேஜர் பார்க்கட்டும் என்று. ஒன்றை எல்லோரும் மறந்துவிடுவார்கள், வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அப்ரைசல் வருடத்துக்கு ஒரு முறைதான். நல்ல கிளையண்ட் யாருக்கு, சனிக்கிழமை ராத்திரி சப்போர்ட் யார் தலையில் என்பது தினசரி நடப்பது, டீம் கணக்குப் பார்ப்பதும் அதைத்தான். அதனால் உங்களில் ஒருவருக்கு வேறு டீம் கிடைத்தால் யோசிக்காமல் போய்விடுங்கள்.

“வெளிப்படையாகச் சொல்லிவிட்டோமே, போதாதா” என்று கேட்பீர்கள். போதாது. பால் வுல்ஃபோவிட்ஸ் 2005இல் உலக வங்கியின் தலைவராக வந்தபோது அவருடைய காதலி ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தார். மனிதர் அதை மறைக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டார். விதிப்படி காதலியை அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அனுப்பினார்கள், சம்பளம் மட்டும் வங்கியே கொடுத்தது. இவ்வளவும் சரியாக நடந்த பிறகு, காதலியின் சம்பளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று வுல்ஃபோவிட்ஸே ஹெச்.ஆருக்குச் சொல்லிவைத்தார். 1,32,000 டாலர் சொச்சமாக இருந்தது கடைசியில் 1,93,000ஐத் தாண்டியது. 2007இல் விஷயம் வெளியே வர, அந்த வருடமே பதவி போனது.

அப்புறம் வீட்டு விஷயம். லீடானதால் யாருக்கு வேலை போகப்போகிறது, யாருக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வரும். நீங்கள் கேட்காதீர்கள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதைத் தடுக்க முடியாது, ஆனால் மறுநாள் அந்த ஆளைப் பாவமாகப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணன் மகனை நான்தான் சிபாரிசு செய்து எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். தினமும் லேட். சாயங்காலம் என் கேபினுக்கு வந்து “சித்தப்பா, நான் கிளம்புறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவனுடைய மேனேஜர் வேறொருவர், எனக்கு ஜூனியர், அவர் வாயே திறப்பதில்லை. அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அண்ணியிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? வேறொரு பையன் லேட்டாக வந்தால் அவன் அம்மாவுக்குப் போன் போடுவீர்களா? போய்ப் பேச வேண்டியது அந்த மேனேஜரிடம். உங்கள் கேபினுக்குக் கூப்பிடாமல் நீங்களே அவர் இடத்துக்குப் போங்கள். “மத்தவங்களை எப்படி நடத்துறீங்களோ அப்படியே நடத்துங்க, மெமோ கொடுக்கணும்னா கொடுங்க, என்கிட்ட கேட்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். இந்தப் பேச்சை அவர் நம்ப மாட்டார். பையனை ஒரு நாள் அவர் கண்டித்து, அதற்கடுத்த வாரமும் நீங்கள் அவரிடம் எப்போதும் போலவே பேசினால், அப்போது நம்புவார்.

பையன் கேபினுக்கு வந்தால், “எனக்கு எதுக்குடா சொல்றே? உன் மேனேஜர் அங்கே இருக்கார்.” நாலு தடவை சொன்னால் புரியும். சித்தப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்வீர்களா மாட்டீர்களா, உங்கள் இஷ்டம். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் முதலாளியின் தம்பி எங்கள் பிரிவில் இருந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. அவர் போட்ட கணக்கில் இரண்டு வருடமாக ஒரு பிழைகூட வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் தாளை எடுத்துக்கொண்டு நேரில் வந்து நின்றார். பிறகு பழைய ஃபைல்களைப் பிரித்தால் முதல் மாதத்திலிருந்தே ஒரே தப்பு. பார்த்த எங்களில் யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும்தான். சொல்லியிருந்தால் முதல் மாதமே திருத்திக்கொண்டிருப்பார். உங்கள் அண்ணன் மகனுக்கும் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணி தானாகக் கேட்டால்? “அதை அவன்கிட்டயே கேளுங்க அண்ணி.”

கேள்வி: சொந்தக்காரருக்குச் சலுகை காட்டுவதை நெப்போட்டிசம் என்கிறார்களே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

பதில்: இத்தாலிய மொழியில் ‘நிப்போட்டே’ என்றால் உடன்பிறந்தவரின் மகன். போப்பாண்டவர்கள் தங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குப் பதவியும் சொத்தும் வாரிக் கொடுத்ததால் வந்த பெயர். பன்னிரண்டாம் இன்னொசென்ட் என்ற போப் 1692இல் ஆணை போட்டு அதை நிறுத்தினார். வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. (மேலே கேட்ட சித்தப்பா இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம், தற்செயல்தான்.)

கேள்வி: ஒரே கம்பெனியில் சந்தித்தோம், கல்யாணம் செய்துகொண்டோம். தம்பதியில் ஒருவர்தான் இருக்கலாம் என்று விதி இருக்கிறதாம். ஒருவர் விலக வேண்டும் என்றதும், எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

பதில்: பார்ப்பார்கள். மரியா கோப்பெர்ட் மேயர் என்று ஓர் இயற்பியலாளர். கணவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அதனால் உறவினர் விதியைக் காட்டி இவருக்குப் பேராசிரியர் வேலை தரவில்லை. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்திலும் சம்பளமில்லாப் பேராசிரியராகத்தான் இருந்தார். அந்த நிலையில் அணுக்கருவின் அமைப்பு பற்றி அவர் செய்த ஆராய்ச்சிக்கு 1963இல் நோபல் பரிசு வந்தது. முழுச் சம்பளத்தோடு பேராசிரியரானதே 1960இல்தான், அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் பெயரைச் சொல்லி மனைவியை வெளியே நிறுத்துவது இந்த மாதிரி விதிகளின் பழைய வழக்கம்.

முதலில் அந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். “இருக்கிறதாம்” என்று எழுதியிருக்கிறீர்கள், யாரோ சொன்னதை நம்பி ராஜினாமா எழுதாதீர்கள். பல இடங்களில் ஒருவருக்குக் கீழ் ஒருவர் வேலை செய்யக் கூடாது என்பதுதான் விதியாக இருக்கும், வாய்வழியாக வரும்போது அது வேலையே கிடையாது என்று ஆகிவிடும். அப்படியானால் பிரிவு மாற்றம் கேளுங்கள். நிஜமாகவே ஒருவர் போகத்தான் வேண்டும் என்றால், இரண்டு பேரும் வெளியே வேலை தேடுங்கள், யாருக்கு நல்லது முதலில் வருகிறதோ அவர் போகட்டும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் பர்ச்சேஸில், மனைவி அக்கவுண்ட்ஸில். அவரை வேறு பிரிவுக்கு மாற்றப்போகிறார்களாம். எங்களைத் திருடர்கள் என்கிறார்களா?

பதில்: இல்லை. ஆர்டர் போடுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்று வைத்திருப்பதே ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்கத்தான். நீங்கள் இருவரும் போட்டால் கையெழுத்து இரண்டு, வீடு ஒன்று. நாளைக்கு எங்கேயோ ஒரு பில் இடித்தால் முதலில் உங்கள் பக்கம்தான் திரும்புவார்கள். மாற்றல் உங்களுக்குத்தான் நல்லது, சண்டை போடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கீழே வேலை பார்ப்பவரைக் காதலிக்கிறேன். இருவருக்கும் முழுச் சம்மதம். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன?

பதில்: யாருக்கும் தெரியாது என்பது உங்கள் நினைப்பு. நீங்கள் இருவரும் பத்து நிமிட இடைவெளி விட்டுக் கிளம்புவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மெக்டொனால்ட்ஸ் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை 2019 நவம்பரில் நீக்கினார்கள், ஓர் ஊழியரோடு இருந்த உறவுக்காக. சம்மதத்தோடு இருந்த உறவுதான் என்று அப்போது கம்பெனியே சொன்னது. ஆனாலும் தனக்குக் கீழே இருப்பவரோடு கூடாது என்பது அங்கே விதி. சம்மதம் இன்றைக்கு இருக்கிறது, சரி. நாளைக்கு அவர் “வேண்டாம்” என்று சொல்ல நினைத்தால், சொல்லும் முன் ஒரு நிமிடம் அப்ரைசல் மனதில் வந்து போகாதா? அந்த ஒரு நிமிடம் இல்லாமல் செய்ய வேண்டியது நீங்கள். இந்த மாதிரி விவகாரத்தில் பெரும்பாலும் பெட்டி கட்டுவது கீழே இருப்பவர்தான், அதனால் முந்திக்கொண்டு போய் “என்னை மாற்றுங்கள்” என்று கேளுங்கள். அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவர் வாழ்க்கையும்தானே.

கேள்வி: பிரிந்து நான்கு மாதம். எதிரெதிர் சீட். தினமும் அந்த முகத்தில்தான் விழிக்கிறேன்.

பதில்: சீட்டை மாற்றிக் கேளுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை, ஏசி நேராக அடிக்கிறது என்றாலே போதும். வேலை விஷயம் எல்லாம் மெயிலில் அல்லது டீம் குரூப்பில் மட்டும், ராத்திரி பதினோரு மணிக்குத் தனி மெசேஜில் “அந்த ஃபைல் எங்கே” என்று கேட்கும் ஆசை வரும், காலையில் கேளுங்கள். என்ன ஆச்சு என்று துக்கம் விசாரிக்க வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில், ஒரே வார்த்தைகளில். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் அவர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்புறம், அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் இதைப் படித்து முடித்ததும் மாற்றிவிடுங்கள். நான்கு மாதம் லேட்.