மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கோட்டை என்கிறார்களே, 2008க்குப் பிறகு ஏன் அது கைக்குத் திரும்பவில்லை?

‘கோட்டை’ என்ற சொல்லை முதலில் தள்ளி வைத்துவிட்டு எண்களைப் பாருங்கள். 1959 முதல் இன்றுவரை இந்தத் தொகுதி கண்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கே பேர்: 1974 வரை துன் வீ. தி. சம்பந்தன், அதன்பின் 2008 வரை எட்டுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்ற ச. சாமிவேலு, 2018 வரை மருத்துவர் மைக்கல் ஜெயக்குமார், இப்போது கேசவன் சுப்பிரமணியம். நால்வரும் இந்தியர்கள், முதல் இருவர் ம.இ.கா.வினர். ஆனால் வாக்காளர்களில் இந்தியர்கள் பெரும்பான்மையாக இருந்ததில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடியினர் எல்லாரும் கலந்த தொகுதி இது. தோட்டத்து இந்தியர் ஓட்டு மட்டும் யாரையும் ஜெயிக்க வைத்ததில்லை.

சம்பந்தன் 1955லேயே இங்கு வென்றார் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்தக் கூட்டரசு சட்டமன்றத் தேர்தலில் அவர் நின்றது கிந்தா உத்தாரா தொகுதியில். சுங்கை சிப்புட் என்ற பெயரில் அவர் வென்றது 1959லிருந்துதான்.

2004இல் சாமிவேலு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நான்கே ஆண்டுகளில், 2008 மார்ச் 8 அன்று, ஜெயக்குமார் 16,458, சாமிவேலு 14,637. வித்தியாசம் 1,821. இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராப் இயக்கம் 2007 நவம்பர் 25 அன்று நடத்திய பேரணிக்குப் பிறகு இந்திய வாக்குகள் சரிந்தது பாதிக் காரணம். சீன வாக்குகளும் கூடவே நகர்ந்ததால்தான் அந்தச் சரிவு தோல்வியாக மாறியது. பட்டியல்களில் ஜெயக்குமார் எதிர்க்கட்சியான பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) வேட்பாளர் என்று இருக்கும். அவர் மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். அந்தத் தேர்தலின்போது அவர் கட்சிக்குப் பதிவு கிடைத்திருக்கவில்லை, அதனால் பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார்.

2013இல் ஜெயக்குமார் 21,593, ம.இ.கா.வின் தேவமணி 18,800. வித்தியாசம் 2,793.

2018 முடிவைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். பி.கே.ஆரின் கேசவன் 20,817, தேவமணி 15,210. வித்தியாசம் 5,607 என்றதும் பி.கே.ஆர். வளர்ந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அந்தச் சின்னத்துக்கு 2013ஐவிட 776 வாக்குகள் குறைந்திருந்தன. ம.இ.கா., மலாய்க் கட்சியான அம்னோ ஆகியவை இருக்கும் பாரிசான் கூட்டணி 3,590 வாக்குகளை இழந்ததால்தான் இடைவெளி விரிந்தது. 2013இல் பி.கே.ஆருடன் ஒரே கூட்டணியில் இருந்த இஸ்லாமியக் கட்சியான பாஸ் 2018இல் தனியே வேட்பாளரை நிறுத்தியிருந்தது. அதனால் இரு பக்கமும் வாக்குகள் சிதறின. சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்ற ஜெயக்குமாருக்குக் கிடைத்தது 1,505. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். பத்தாண்டுகள் தோட்ட மக்களுக்காக உழைத்தவருக்கே அந்த நிலை. சின்னம் மாறினால் இங்கு ஓட்டு கூடவே வருவதில்லை என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று வேண்டியதில்லை.

2022இல் ம.இ.கா. தேசியத் தலைவர் விக்னேஸ்வரனே களமிறங்கினார். கேசவன் 1,846 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். கிட்டத்தட்ட 2008இன் அதே எண். ஆகவே ம.இ.கா. திரும்பவே முடியாத இடம் என்பது சரியல்ல, மயிரிழையில்தான் இருக்கிறது.

ஏன் இந்த இழுபறி? இதற்குள் இருக்கும் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளைப் பாருங்கள். லிந்தாங் அம்னோ கையில், ஜாலோங் 2008லிருந்து ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி, பி.கே.ஆரின் கூட்டாளி) கையில். லிந்தாங்கில் பாரிசான் எடுக்கும் முன்னிலையை ஜாலோங்கின் சீன வாக்குகள் விழுங்கிவிடுகின்றன. நடுவில் இருக்கும் இந்திய வாக்கு ஓராயிரம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தாலே முடிவு மாறும். அடுத்த முறை வேட்பாளர் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது, லிந்தாங்கின் மலாய் வாக்குகளைப் பாஸ் இருக்கும் பெரிக்காத்தான் கூட்டணி எவ்வளவு பிரிக்கிறது என்பதை.

இன்னொன்று. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தபின் லயங்களை (தோட்டத்து வரிசை வீடுகள்) விட்டு வெளியேறியவர்கள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறியிருக்கிறார்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயது நிறைந்த எல்லாரும் தானாகவே வாக்காளர்கள். எந்தத் தொகுதி என்பதை மைகார்டு (அடையாள அட்டை) முகவரிதான் தீர்மானிக்கிறது. தோட்டத்து முகவரியை மாற்றாதவர் ஓட்டு இன்னமும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் தேசியப் பதிவிலாகாவில் முகவரியைத் திருத்திவிட்டு, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தபின் மாற்றினால் அந்தத் தேர்தலுக்குப் பழைய தொகுதிதான்.